வீச்சு வேறு, அடி வேறு

தாம்பரத்தை ஒட்டிய பெருங்களத்தூரிலோ சேலையூரிலோ வீட்டை விட்டுக் கிளம்பி, குரோம்பேட்டை, பல்லாவரம், கத்திப்பாரா என்று ஜிஎஸ்டி சாலை நெரிசலில் கிளட்சையும் பிரேக்கையும் மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டு வந்து சேரும் ஒருவர், கோல்ஃப் கிளப்பைக் கையில் எடுக்கும்போதே பாதி தோற்றுவிட்டார். அவருடைய முன்கை ஏற்கெனவே கல்லாகக் கிடக்கிறது. ஹேண்டில்பாரைப் பற்றிய அதே பிடியால் கிளப்பையும் பற்றுகிறார். பல்லைக் கடித்துக்கொண்டு பந்தை முறைக்கிறார், பிறகு ஓங்கி ஒரு போடு போடுகிறார். பந்து வலப்பக்கம் வளைந்து வேலியோரம் போய் விழுகிறது. ‘இன்னும் பலமாக அடித்திருக்க வேண்டும்’ என்று அடுத்த பந்துக்கு இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார். இந்த அத்தியாயம் சொல்லவருவது அதற்கு நேர் எதிரான ஒன்று. கோல்ஃபில் பந்தைத் தூரம் அனுப்புவது கையின் பலமல்ல, கிளப் தலையின் வேகம். அந்த வேகத்தைப் பெரும்பாலும் கெடுப்பது கையின் இறுக்கம். அந்த இறுக்கமோ ‘தளர்வாக இரு’ என்று சொன்னால் போகாது. கவனத்தைக் கையிலிருந்து எடுத்துக் கிளப்பின் தலையில் வைத்தால்தான் போகும். (சென்னையில் கிளப் என்றால் ஒரு காலத்தில் காபி கிடைக்கும் இடம், பணக்காரர்களுக்கு இன்றும் சீட்டாடும் இடம். இந்த நூலில் கிளப் என்றால் கையில் பிடிக்கும் கோல் மட்டுமே.)

முதலில் சில எண்களைப் பார்த்துவிடலாம். கோல்ஃப் பந்தின் எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதாவது நடுத்தர எலுமிச்சம்பழத்தின் கனம். டிரைவர் என்கிற நீளமான கிளப்பின் மொத்த எடையே சுமார் 300 கிராம்தான். அதில் தலை மட்டும் சுமார் 200 கிராம். ஓர் எலுமிச்சம்பழத்தை நகர்த்த எழுபது கிலோ உடம்பின் முரட்டு பலம் வேண்டியதில்லை. அந்த 200 கிராம் தலை பந்தைத் தொடும்போது என்ன வேகத்தில் வருகிறது, அதன் முகம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்ற இரண்டும்தான் கணக்கு. பொழுதுபோக்காக ஆடும் ஆண்களுக்கு அந்த வேகம் ஏறக்குறைய மணிக்கு 150 கிலோமீட்டர். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு 180ஐத் தாண்டும். கிளப்பின் முகமும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் அரை மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியை இரண்டாயிரமாகப் பங்குபோட்டால் அதில் ஒரு பங்கு. அதற்குள் கிளப்பின் தலை நகரும் தூரம் இரண்டு சென்டிமீட்டர். உச்சியிலிருந்து பந்து வரை கிளப் இறங்கவே கால் விநாடிதான் ஆகிறது. கண் ஒன்றைக் கண்டு, கை அதற்கேற்ப அசையவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் தேவை. ஆகவே இறங்கத் தொடங்கிவிட்ட வீச்சை நடுவழியில் யாராலும் திருத்த முடியாது. மோதும் கணத்தில் ஒரு தள்ளு தள்ளிவிடலாம் என்று நினைப்பவர் தள்ள முனைவதற்குள் பந்து போய்விட்டிருக்கும். அந்த நினைப்பு செய்யும் ஒரே வேலை, வீச்சின் தொடக்கத்திலேயே உடம்பை விறைக்க வைப்பதுதான்.

வேகம் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு அறிவியலார் சொல்லும் விளக்கம் எளிமையானது. பிரிட்டனில் ஓர் ஆய்வுக் குழு பல ஆண்டுகள் செய்த வேலையை அலஸ்டேர் காக்ரனும் ஜான் ஸ்டாப்ஸும் 1968இல் நூலாக வெளியிட்டார்கள். கோல்ஃப் வீச்சை ‘இரட்டை ஊசல்’ என்று அவர்கள் அதில் விளக்கினார்கள். தோளிலிருந்து தொங்கும் கைகள் ஓர் ஊசல்; கைகளின் முனையில் தொங்கும் கிளப் இன்னோர் ஊசல்; இரண்டையும் இணைக்கும் கீல் மணிக்கட்டு. உடம்பு திரும்பும்போது முதல் ஊசல் வேகமெடுக்கிறது. அது சற்றுத் தாமதிக்கும்போது அதன் வேகம் இரண்டாவது ஊசலுக்கு மாறி, கிளப்பின் தலை சுழன்று முந்திக்கொண்டு வருகிறது. 1994இல் கோல்ஃபின் இயற்பியலைப் பற்றித் தனி நூலே எழுதிய தியோடர் ஜோர்கென்சன் கணக்குப் போட்டுக் காட்டியது இன்னும் சுவையானது. இறங்கும்போது மணிக்கட்டால் வேண்டுமென்றே உதவ முயன்றால், அதிலும் சீக்கிரமே முயன்றால், தலையின் வேகம் கூடுவதில்லை, குறைகிறது. கீல் தானாகத் திறக்க வேண்டும். அதை நாம் நெம்பித் திறந்தால் ஆட்டம் கெட்டுவிடுகிறது.

இந்தக் கீல் துருப்பிடிப்பதற்கு விரல்களின் இறுக்கம் எப்படிக் காரணமாகும்? விரல்களை மடக்கும் தசைகளில் வலுவானவை உள்ளங்கையில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அவற்றின் நாண்கள் மணிக்கட்டைக் கடந்துதான் விரல்களுக்குப் போகின்றன. விரலை இறுக்கினால் மணிக்கட்டு உள்பக்கம் மடங்கிவிடாமல் தடுக்க முன்கையின் மறுபக்கத் தசைகளும் சேர்ந்து விறைக்கின்றன. இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டிய கூடாரக் கம்பம்போல மணிக்கட்டு நின்றுவிடுகிறது. இதைச் சோதிக்க மைதானம் வேண்டாம். ஒரு பேனாவை விரல்கள் வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்து, மணிக்கட்டை மட்டும் சுழற்றிக் காற்றில் வட்டம் வரையுங்கள். பிறகு, பேனா விழாத அளவுக்கு மட்டும் பிடித்துக்கொண்டு அதே வட்டத்தை வரையுங்கள். முதல் வட்டம் கோணலாகவும் சின்னதாகவும் வரும். அந்தக் கோணல்தான் வலப்பக்கம் வளைந்தோடும் பந்தாக மைதானத்தில் தெரிகிறது. முன்கை உருளாததால் கிளப்பின் முகம் திறந்தபடியே பந்தைச் சந்திக்கிறது. ஸ்லைஸ் என்று ஆட்டக்காரர்கள் அலுத்துக்கொள்ளும் கோளாறில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தக் கணக்குகளெல்லாம் வருவதற்கு முன்பே இதைத் தன் உடம்பில் நிரூபித்தவர் எர்னஸ்ட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயப் பயிற்சியாளர். முதல் உலகப் போரில், 1916இல், அவருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஊர் திரும்பியவர், ஒற்றைக் காலோடு ராயல் நார்விச் மைதானத்தில் 18 குழிகளையும் 83 அடிகளில் முடித்தார். இரண்டு காலும் உள்ள வார இறுதி ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் எட்டாத எண் அது. இடுப்பை இப்படித் திருப்பு, எடையை அந்தக் காலுக்கு மாற்று என்று அந்தக் காலத்துப் பாடங்கள் சொன்னவற்றில் பாதியைச் செய்யக் காலே இல்லாதபோதும் ஆட்டம் நின்றுவிடவில்லை. அப்படியென்றால் அடிப்படை வேறெங்கோ இருக்க வேண்டும் என்று அவர் யோசித்தார். அவர் கண்ட விடை, கிளப்பின் தலையை வீசுவது. பின்னாளில் நியூயார்க் நகர நடுவே ஓர் அறைக்குள், புல்தரையே இல்லாமல், அதைத்தான் கற்றுக்கொடுத்தார். 1932, 33, 34 என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் அமெரிக்கப் பெண்கள் அமெச்சூர் பட்டத்தை வென்ற விர்ஜீனியா வான் வீ அவருடைய மாணவி. மைதானம் கிட்டாத தாம்பரத்துக்காரருக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது.

ஜோன்ஸ் பயன்படுத்திய கருவி ஒரு கைக்குட்டையும் அதன் முனையில் கட்டிய பேனாக்கத்தியும். நீங்கள் கத்திக்குப் பதில் சாவிக்கொத்தைக் கட்டிக்கொள்ளலாம். கைக்குட்டையின் மறுமுனையை இரண்டு கையாலும் கிளப்பைப் பிடிப்பதுபோலப் பிடித்து, ஊஞ்சல்போல முன்னும் பின்னும் ஆட்டுங்கள். சீராக ஆட்டும்வரை துணி கோல்போல விறைத்து நிற்கும், சாவிக்கொத்து பெரிய வட்டப்பாதையில் வந்துபோகும். இப்போது கீழே இறங்கும் வழியில் ஒருமுறை வெடுக்கென்று பலத்தைக் காட்டுங்கள். கை முன்னால் ஓடிவிடும், துணி தொய்யும், சாவி பின்தங்கித் தடுமாறும். துணியைக் கொண்டு எதையும் தள்ள முடியாது, நெம்ப முடியாது. வீச மட்டுமே முடியும். எஃகுத் தண்டை வைத்துக்கொண்டு நெம்ப முடிகிறது என்பதால்தான் நாம் ஏமாறுகிறோம். துணியோ நம் தப்பை உடனே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இந்தப் பாடம் தமிழருக்குப் புதிதல்ல. தினைப்புனத்தில் கவண் சுழற்றிக் கிளி ஓட்டியவரும், துறையில் துணியை ஓங்கி வீசித் துவைத்தவரும் முனையின் கனத்தை நம்பித்தான் வேலை செய்தார்கள். இன்று பார்க்க வேண்டுமானால் தாம்பரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள ஏதாவதொரு பரோட்டாக் கடையில் மாலையில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். மாஸ்டர் எண்ணெய் தடவிய மாவை விளிம்பில் பிடித்து வீசுகிறார். இரண்டு மூன்று வீச்சில் உள்ளங்கை அளவு மாவு, துண்டு விரித்ததுபோல் ஆகிவிடுகிறது. விரல்கள் மாவைக் கவ்வினால் அது அங்கேயே கிழிந்துவிடும். மணிக்கட்டு விறைத்தால் மாவு விரியாது. வீச்சு பரோட்டா என்று பெயர் வைத்தவர்கள் சரியான சொல்லைத்தான் எடுத்திருக்கிறார்கள். அதே கல்லில் அடுத்து கொத்து பரோட்டா போடும்போது பாருங்கள், இரண்டு கையிலும் இரும்பு, கெட்டிப் பிடி, தடதடவென்று அடி. நம்மில் பலர் முதல் டீயில், அதாவது ஆட்டத்தின் முதல் பந்தை அடிக்கும் இடத்தில், நிற்பது இந்த இரண்டாவது கையோடுதான்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். பிடியைத் தளர்த்தினால் கிளப் கையைவிட்டுப் பறந்துவிடாதா என்பது முதல் கேள்வி. நியாயமான பயம்தான். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் சுழலும் 200 கிராம் தலை, கையை வெளிப்பக்கமாக 20 கிலோவுக்கு மேல் இழுக்கிறது. 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்று ஒரு கணம் கையில் தொங்குவதாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சுமை வீச்சின் அடிப்பகுதியில்தான் வருகிறது, தொடக்கத்தில் அல்ல. சுமை ஏற ஏற விரல்கள் தாமாகவே அதற்கேற்ப இறுகுகின்றன. தண்ணீர் நிரம்பிக்கொண்டே வரும் குடத்தைப் பிடித்திருக்கும்போது யாரும் ‘இப்போது இறுக்கு’ என்று கைக்குக் கட்டளையிடுவதில்லை. கிளப்பின் பிடியில் உணரிகளைப் பொருத்தி லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்தபோது, பிடியின் அழுத்தம் வீச்சு முழுக்க ஒரே அளவில் இல்லை, ஏறி இறங்குகிறது என்று தெரிந்தது. அந்த ஏற்ற இறக்கம் ஆளுக்கு ஆள் வேறு. ஆனால் ஒரே ஆளுக்கு ஒவ்வொரு வீச்சிலும் கையெழுத்துப்போல மாறாமல் இருந்தது. எனவே தளர்ந்த பிடி என்று நாம் சொல்வது தொளதொளத்த பிடியை அல்ல. தொடக்கத்தில் வேண்டிய அளவுக்கு மேல் இல்லாத, பிறகு தேவை வரும்போது தானே கூடிக்கொள்ள இடம்விட்ட பிடி. முழு பலத்தைப் பத்து என்று வைத்தால் தொடக்கத்தில் நான்கு போதும். ஏற்கெனவே ஒன்பதில் தொடங்குகிறவருக்கு ஏறப் படி இல்லை.

இதில் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு, மார்கழியில், ஓரத்துப் புல் நனைந்து முழங்கால் தொடும் அளவுக்கு வளர்ந்திருக்கும். அதற்குள் கிடக்கும் பந்தை எடுக்க நான்காம் படிப் பிடி போதாது. புல் கிளப்பின் கழுத்தைச் சுற்றி முகத்தைத் திருப்பிவிடும். அங்கே ஆறுக்கோ ஏழுக்கோ இறுக்குவதுதான் புத்தி. நெடுந்தூர ஆசையையும் அங்கேயே விட்டுவிட்டுப் பந்தை வெளியே எடுத்தால் போதும் என்று இருக்க வேண்டும். தளர்வு வழிபாட்டுக்குரிய கொள்கை அல்ல, சூழ்நிலைக்கு ஏற்ற அளவு.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. இன்றைய வெற்றியாளர்கள் உடற்பயிற்சிக் கூடத்தில் வளர்ந்தவர்கள் அல்லவா, உடம்பை வேண்டுமென்றே பெருக்கிக்கொண்டு 2020இல் அமெரிக்க ஓபனை வென்ற பிரைசன் டிஷாம்போவிடம் போய்த் தளர்வைப் பற்றிப் பேச முடியுமா என்று கேட்கலாம். பேச முடியும். பலம் பயனற்றது என்று யாரும் சொல்லவில்லை. வேகத்துக்கு உச்சவரம்பு வைப்பது பலம்தான். ஆனால் அந்த வரம்பின் பக்கத்தில்கூடப் போகவிடாமல் தடுப்பது இறுக்கம். காலும் இடுப்பும் முதுகும் பலமாக இயங்க, முன்கையும் தாடையும் சும்மா இருப்பது முரண் அல்ல. ஓட்டப்பந்தய வீரர்களின் முகத்தைப் பார்த்தாலே இது விளங்கும். பொழுதுபோக்கு ஆட்டக்காரரின் சிக்கல், இருக்கும் பலத்தை எதிரெதிர்த் தசைகளுக்குள்ளேயே செலவழித்துவிடுவது. தூரம் ஒன்றே எல்லாம் என்ற நம்பிக்கையும் கொஞ்சம் ஆட்டம் காண வேண்டும். 2021 ஆகஸ்டில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி அசோக் ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காவது இடம் பிடித்தார். களத்தில் இருந்த அறுபது பேரில் மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் அவரும் ஒருவர். கொல்கத்தாவில் மைதானப் பராமரிப்பாளரின் மகனாகப் பிறந்து, பார்த்தே பழகிய எஸ்.எஸ்.பி. சௌராசியா, 2016, 2017 என இருமுறை இந்தியன் ஓபனை வென்றதும் நீண்ட அடியால் அல்ல. இவர்களின் வெற்றி தளர்ந்த பிடிக்குச் சான்று என்று சொல்ல மாட்டேன், அது நியாயமாகாது. தூரத்துக்காக உடம்பை முறுக்கிக்கொள்ளாமலும் உயரத்துக்குப் போகலாம் என்பதற்கு மட்டும் சான்று.

மூன்றாவது மறுப்பைச் சொல்பவர்கள் பெரும்பாலும் முயன்று தோற்றவர்கள். ‘தளர்வாக இரு, தளர்வாக இரு என்று சொல்லிக்கொண்டே நிற்கிறேன், இன்னும் விறைத்துப் போகிறேன்’ என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி, பல பயிற்சி நூல்கள் சறுக்குவதும் இங்கேதான். தூங்கு என்று கட்டளையிட்டுத் தூக்கத்தை வரவழைக்க முடியாததுபோல, உடல் உறுப்பைப் பார்த்துத் தளர் என்று சொன்னால் கவனம் அந்த உறுப்பிலேயே போய்க் குடியேறுகிறது. கவனிக்கப்படும் தசை சும்மா இருக்காது. கேப்ரியேலே வூல்ஃபும் அவருடன் பணியாற்றியவர்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், கோல்ஃப் அறியாத சிலருக்குச் சிறு தூர அடி ஒன்றைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழுவிடம் கைகளின் அசைவைக் கவனிக்கச் சொன்னார்கள். மற்றொரு குழுவிடம் கிளப்பின் அசைவைக் கவனிக்கச் சொன்னார்கள். கிளப்பைக் கவனித்தவர்கள் இலக்குக்கு நெருக்கமாக அடித்தார்கள். பிறகு குறிப்பு எதுவும் இல்லாமல் சோதித்தபோதும் அவர்களே முந்தினார்கள். ஜோன்ஸ் கைக்குட்டையில் காட்டியதும் இதுவே. ஆகவே டீயில் நிற்கும்போது தோளை, முழங்கையை, மணிக்கட்டை நினைக்காதீர்கள். கிளப்பின் தலை எங்கே இருக்கிறது, எவ்வளவு கனக்கிறது என்பதை மட்டும் உணருங்கள். தலையின் கனம் கைக்குத் தெரிந்தால் பிடி சரி. தெரியவில்லை என்றால் இறுக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். இதைவிட நல்ல அளவுகோல் எந்தக் கடையிலும் விற்கவில்லை.

தளர்வு என்றதும் மெதுவாக வீச வேண்டும் என்று எண்ணிக்கொள்வது இன்னொரு தப்பு. ஜான் நோவோசெல் என்பவர் தொழில்முறை ஆட்டக்காரர்களின் வீச்சுகளைக் காணொளியில் சட்டம் சட்டமாக எண்ணி 2004இல் வெளியிட்ட கணக்கு இதைத் தெளிவாக்குகிறது. விநாடிக்கு 30 சட்டம் ஓடும் படத்தில் பின்வீச்சுக்கு 27 சட்டம் என்றால் கீழ்வீச்சுக்கு 9. 24 என்றால் 8. 21 என்றால் 7. வேகம் ஆளுக்கு ஆள் மாறினாலும் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் மாறுவதில்லை. மொத்த வீச்சும் ஒரு விநாடியை ஒட்டியே முடிந்துவிடுகிறது. பார்க்க நிதானமாகத் தெரிவது அவர்கள் மெதுவாக வீசுவதால் அல்ல, தாளம் பிசகாததால். கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இந்த விகிதத்தைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. ‘தகதிமி தா’ என்று மனதுக்குள் சொல்லுங்கள். முதல் ‘த’வில் கிளப் பின்னால் கிளம்பட்டும், ‘மி’யில் உச்சியைத் தொடட்டும், ‘தா’வில் பந்தைச் சந்திக்கட்டும். பின்னே போக மூன்று மாத்திரை, இறங்க ஒரு மாத்திரை. சமத்தில் பந்து. தாளத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும் வாய் பல்லைக் கடிக்காது என்பது இதில் கிடைக்கும் உபரி லாபம்.

நம் ஊருக்கென்று ஒரு தனி எதிரி உண்டு, அதன் பெயர் வியர்வை. விடிகாலை ஆறு மணிக்கே காற்றில் ஈரம் கனக்கும். கத்திரி வெயிலில் கேட்கவே வேண்டாம். உள்ளங்கை வழுக்கினால் மூளை நம்மைக் கேட்காமலே பிடியை இறுக்கிவிடும், அங்கே எந்தத் தத்துவமும் எடுபடாது. எனவே இறுக்கத்தைக் குறைக்க நினைப்பவர் முதலில் செலவிட வேண்டியது புதிய டிரைவருக்கு அல்ல. ஒரு கையுறையோடு வராமல் மூன்று கொண்டுவந்து, நனைந்ததைப் பையில் வெளிப்புறம் மாட்டிக் காயவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு துண்டைத் தண்ணீர் படாமல் தனியாக வையுங்கள். கிளப்பின் ரப்பர் பிடியில் வியர்வையும் தோல் எண்ணெயும் படிந்து பளபளப்பாகிவிட்டால், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். கழுவியும் வழுக்கினால் பிடியை மாற்றிவிட வேண்டியதுதான். வழுக்கும் பிடியை வைத்துக்கொண்டு தளர்ந்து வீசச் சொல்வது, எண்ணெய்க் கையோடு மீன் பிடிக்கச் சொல்வதற்குச் சமம்.

இடம் என்ற கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போய் எட்டிவிடக்கூடிய தூரத்தில் சென்னையின் கோல்ஃப் இரண்டு பெயர்களைச் சுற்றியே இருந்துவந்திருக்கிறது. ஒன்று, கிண்டி ரேஸ்கோர்ஸுக்குள் இருந்த ஜிம்கானா கிளப் திடல். இன்னொன்று, சைதாப்பேட்டை நிலையத்துக்கு அருகே நந்தனத்தில் காஸ்மோபாலிட்டன் கிளப்பின் 18 குழித் திடல். கிண்டி நிலத்தின் குத்தகையை 2024 செப்டம்பரில் தமிழக அரசு ரத்து செய்தது. வாரம் ஒருமுறை பந்தடிக்க வாய்த்தாலே பெரிது என்ற நிலையில், பந்தே தேவைப்படாத பயிற்சிக்கு மதிப்பு கூடுகிறது. போகும்போது வண்டியை விட்டுவிட்டு ரயிலில் போனால் முன்கை கொஞ்சமாவது தப்பிக்கும். அங்கேயும் தொங்கும் கைப்பிடியை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள் என்று பழவந்தாங்கல் தாண்டும்போது ஒருமுறை கவனியுங்கள். தேவைக்கு இரண்டு மடங்கு இருக்கும். மற்ற நாள்களில் மொட்டை மாடி போதும். கைக்குட்டையில் இரண்டு நிமிடம், பிறகு ஏழாம் நம்பர் ஐயன் கிளப்பைப் பிடித்துக் கால்கள் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு இடுப்பளவுக்கு மட்டும் இருபது வீச்சு. கால் சேர்ந்திருக்கும்போது பலத்தைக் காட்டினால் உடனே தடுமாறுவீர்கள் என்பதால், அந்த நிலையே பயிற்சியாளர் வேலையைப் பார்த்துவிடும். அதன் பிறகு கால்களை விரித்து, தாளம் சொல்லி, முழு வீச்சு பத்து. கடைசிப் பத்திலும் கிளப்பின் தலை உச்சியில் கனப்பது கைக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாத நாளில் அத்தோடு நிறுத்திவிடுங்கள், களைத்த கையோடு செய்யும் பயிற்சி இறுக்கத்தைத்தான் பழக்கும்.

மாடியில் கிளப்பைத் தூக்குமுன் பின்னால் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். கொடியில் துணி காயலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளை பட்டம் எடுத்துக்கொண்டு ஏறி வந்திருக்கலாம்.